ஊசியைக் கணக்கில் சேர்த்தவனுக்கு

அன்புள்ள சாமு,

நேற்று நீ போனில் கேட்ட கேள்விக்கு, "அடுப்புல பால் வச்சிருக்கேன்டா, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பக்கத்தில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் சொல்ல முடியாத பதில் அது, அதனால் எழுதுகிறேன். நீ விமானம் ஏறுவதற்குள் கையில் கிடைக்கட்டும் என்று கூரியரில் போடுகிறேன். படித்துவிட்டு அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாதே. ஏன் என்பது போகப்போக உனக்கே விளங்கும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்வோம். அடுத்த மாதம் இங்கே வேலூரில், நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியில், அந்தப் பேராசிரியருக்கு அறுபது வயது நிறைந்ததைக் கொண்டாட ஒரு கருத்தரங்கு. ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வருகிற உன்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ மரியாதைக்காக உன் ஸ்லைடுகளை முன்னதாகவே அவருக்கு அனுப்பியிருக்கிறாய். அவர் உடனே போன் போட்டு, "தம்பி, எல்லாம் பிரமாதம். அந்த சிங்கிள் ராடு ஸ்லைடு மட்டும் வேணாமே. ஃபங்ஷன் அன்னைக்கு எதுக்கு அது? அப்புறமா நாம ரெண்டு பேரும் சேர்ந்தே ஒரு பேப்பரா போட்டுக்கலாம்" என்றிருக்கிறார். அதே மூச்சில், சென்னையில் அவருடைய நிறுவனத்தில் ஒரு வேலை வரப்போகிறது, தேர்வுக் குழுவில் தான் இருக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். "எடுத்துடட்டுமாம்மா?" என்று நீ கேட்டாய். எடுக்காதே. என் பதில் இவ்வளவுதான். மீதிக் கடிதம் முழுக்க அதற்கான காரணம்.

நான் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டது குடும்பத்தைக் கவனிக்க என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்கு அது வசதியான கதை. கல்யாண வீடுகளில் அத்தைமார்கள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவார்கள். உண்மையில் நான் அந்த மனிதரிடம்தான் ஆராய்ச்சி செய்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர்தான் எங்கள் இயற்பியல் துறைத் தலைவர். நாங்கள் எல்லோரும் ஹெச்.ஓ.டி. என்போம். உன் பெயருக்கு முன்னால் இருப்பது அப்பாவின் இனிஷியல், அதனால் நீ என் பிள்ளை என்பது அவருக்குத் தெரியாது. "நம்ம வேலூர்ப் பையன்" என்று உன்னை அவர் கொஞ்சுவதாக நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பெல்லாம் எரியும். கூடவே ஒரு சந்தோஷமும் வரும். அந்தச் சந்தோஷம் நல்ல சந்தோஷம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்காக அதை நான் விரட்டியதும் இல்லை.

நீ இன்று டெராஹெர்ட்ஸ் என்கிற குட்டி அலையில் செய்வதையே நாங்கள் அன்று அதைவிட நீளமான மைக்ரோவேவில் பெரிய அளவில் செய்தோம். உன் தங்கக் கோடுகளின் நீளமே ஒரு முடியின் கனம்தான் என்கிறாய். எங்களுடையவை விரல்நுனி அளவு பித்தளைக் கம்பிகள், தெர்மோகோலில் குத்தி வைத்தவை. அலை வந்து மோதினால் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடும். ஒரு முனை நேர், மறு முனை எதிர், மறுகணம் மாறிவிடும். இருமுனை என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் இன்றும் கையை ஆட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு கம்பிக்கும் மிகவும் பிடித்த அதிர்வெண் ஒன்று உண்டு, அதில்தான் ஆட்டம் உச்சம். பக்கத்தில் இன்னொரு கம்பியை வைத்தால் அதன் ஆட்டம் இதை இழுக்கும், உச்சம் கொஞ்சம் இடம் மாறும். எவ்வளவு மாறுகிறது என்று அளந்தால் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இழுபறி என்பது தெரிந்துவிடும். தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் கலந்து மொத்தமாகத்தான் தெரியும். ஒவ்வொரு கம்பியையும் தனியாகப் பார்க்க வேண்டுமானால் மிக அருகில் ஒரு உலோக முனையைக் கொண்டுபோய், அது சிதறடிக்கிற அலையைப் பிடிக்க வேண்டும்.

அந்த உலோக முனைக்கு எங்கள் கல்லூரியில் ஏது வசதி? உன் அப்பாதான் ஆம்பூரில் அவருடைய ஷூ ஃபாக்டரியிலிருந்து ஊசி கொண்டுவந்தார். ஸ்டிச்சிங் செக்‌ஷன் சூப்பர்வைசருக்கு ஊசிக்கா பஞ்சம்? முனை லேசாக மழுங்கினாலே மெஷினிலிருந்து கழற்றிப் போட்டுவிடுவார்கள். அதில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவார். மாட்டுத்தோலுக்குத் தடித்த ஊசி, உள்ளே வைக்கிற ஆட்டுத்தோல் லைனிங்குக்கு மெல்லிசு, நடுவில் இன்னும் சில தினுசுகள். டிராவலிங் மைக்ராஸ்கோப்பின் குழாயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஊசியைப் பொருத்தி, ஸ்க்ரூவைத் திருகித் திருகிக் கம்பிக்கு அருகே கொண்டுபோவேன். தடித்த ஊசியில் உச்சம் நன்றாக இடம் மாறியது. ஹெச்.ஓ.டி. அதைப் பார்த்துவிட்டுத் தோளைத் தட்டாத குறை. ஒருநாள் அந்த ஊசி கீழே விழுந்து வளைந்துவிட்டது. மெல்லிசு ஊசியைப் பொருத்தினேன். அதே கம்பிகள், அதே இடைவெளி, ஆனால் உச்சம் முன்பு மாறிய அளவுக்கு மாறவில்லை. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினேன். ஒவ்வொரு ஊசியாக மாற்றினேன், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விடை வந்தது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே இருக்கிற இழுபறிக்கு நான் எந்த ஊசி வைத்திருக்கிறேன் என்பது எப்படித் தெரியும்? ஊசியும் உலோகம்தானே, அதற்குள்ளும் எலக்ட்ரான் ஓடத்தானே செய்யும். இரண்டு பேர் பேசுவதை ஒட்டுக்கேட்கப் போனவளே நடுவில் புகுந்து பேசிக்கொண்டிருந்த கதை அது. இழுபறி கொஞ்சம் நிஜமாகவே இருந்தது. ஆனால் பெரும்பங்கு ஊசியுடையது.

இதை நான் துறைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன், சாமு. மாணவர்கள், சக ஆசிரியர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஊசியின் பங்கைக் கழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்றேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஏம்மா, செருப்பு தைக்கிற ஊசிய லேபுக்குள்ள கொண்டாந்து வச்சிட்டு, ஃபிசிக்ஸே தப்புன்றியா?" என்றார். சிரிப்பு எழுந்தது. அந்தச் சமயம் பார்த்து உன் அப்பா வாசலில் வந்து நின்றார். நான் கேட்டேன் என்பதற்காக இன்னும் மெல்லிசான ஊசிகளை ஒரு பொட்டலத்தில் மடித்துக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்து நேராக ரயிலேறி காட்பாடியில் இறங்கி ஓடிவந்திருக்கிறார். வேலை பார்த்த சட்டையோடு. தோல் வாசனை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், நீ அந்தச் சட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கிய பிள்ளை. ஹெச்.ஓ.டி. கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, "ஜன்னலைத் தொறங்கப்பா, ஆம்பூர் ரயில் வந்துடுச்சு" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார். ரயில் தாமதமாக வந்ததைத்தான் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று நினைத்து, "ஆமா சார், குடியாத்தத்துல நிறுத்திப் போட்டுட்டான் சார்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. ஆராய்ச்சியை அவர் கெடுத்தார், அது வேறு. தடித்த ஊசியின் அளவுகளை மட்டும் எடுத்து, ஊசி எது என்றே எழுதாமல், என் பெயரும் இல்லாமல் கட்டுரை போட்டார். தெரியாமல் செய்தவன் ஊசியின் கனத்தைச் சும்மா எழுதியிருப்பான். தெரிந்தவன்தான் மறைப்பான். என் ஆராய்ச்சிப் பதிவைப் புதுப்பிக்கக் கையெழுத்துக் கேட்டபோது, "ஒனக்கு வீட்ல பாக்க வேண்டிய வேலை ஜாஸ்தி இருக்கும், எதுக்கு இந்த பேஜார்?" என்று பேனாவை மூடி வைத்தார். இதெல்லாம் எனக்குச் செய்தது, நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் எனக்காக ஊசி பொறுக்கிக்கொண்டு ஓடிவந்த மனிதரைச் சிரிக்க வைத்து அவமானப்படுத்தியதை எந்த மனைவி விடுவாள்? நான் விடவில்லை. அன்று தன்னைத்தான் கேலி செய்தார்கள் என்பது அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. "பெரிய மனுஷன், நம்மகிட்ட எவ்ளோ ஜாலியா பேசுனாரு" என்று இன்றைக்கும் அவரைப் பற்றிச் சொல்வார். அப்போதெல்லாம் நான் பாத்திரங்களைப் போட்டுத் தேய்ப்பேன்.

பள்ளியில் சேர்ந்து பாடம் நடத்த ஆரம்பித்த பிறகு நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? கறுவிக்கொண்டிருந்தேன். அவர் வளர்வதைப் பார்த்துக்கொண்டே கறுவினேன். அவர் சென்னைக்குப் போனார், வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்து டெராஹெர்ட்ஸ் கருவி வாங்கினார், பழைய தப்பையே புதுக் கருவியில் பெரிதாகச் செய்து பேர் வாங்கினார். பேப்பரில் படம் வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் விரிப்பேன். சர்ச்சில் கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது மன்னிப்பு வருகிற வரியில் வாயை மூடிக்கொள்வேன். அப்பா முழங்கையால் இடிப்பார். போதகர் ஒருதரம் கவனித்துவிட்டு, "இன்னாம்மா, தொண்டை சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் ஐயா என்றேன்.

நீ இதே விஷயத்துக்குள் போய் விழுவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உன் ஜெர்மன் பேராசிரியர் கொடுத்த தலைப்பை நீ போனில் சொன்னபோது இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அன்றே எல்லாவற்றையும் கொட்டியிருக்கலாம். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அம்மாவுக்காக ஊசியைத் தேடிப் போயிருப்பாய், தேடிப் போகிறவன் கண்ணுக்கு எல்லாமே ஊசியாகத்தான் படும். பிறகு நீ கண்டுபிடித்ததை யாரும் நம்ப வேண்டியதில்லை, நானே நம்பியிருக்க மாட்டேன். அதனால் நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாப்டியா, குளிருக்கு ஸ்வெட்டர் போட்டியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் நீயாகவே சொன்னாய்: "அம்மா, பக்கத்துல இன்னொரு ராடு இல்லாமலே அது ஷிஃப்ட் ஆவுதும்மா. டிப்பைத் தூக்கத் தூக்க கம்மி ஆவுது." பக்கத்தில் யாருமே இல்லாத ஒற்றைக் கோடு இடம் மாறியிருக்கிறது. மாற்றியது யார்? உன் கருவியின் முனை. நான் பித்தளையிலும் தையல் ஊசியிலும் பார்த்ததை நீ தங்கத்தில் பார்த்துவிட்டாய், யாரும் சொல்லாமல். "அப்டியா? சரி, சாப்டியா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து வீட்டு ஷாகிரா ஓடிவந்து, "இன்னாக்கா, லாட்டரி விழுந்துச்சா?" என்றாள்.

அப்பாவின் கட்சியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் நியாயம் தவறியவள் ஆவேன். ஏதோ ஒரு ஸ்லைடை எடுத்தால் சென்னையில் வேலை என்பது மட்டும் நேற்று அவர் காதில் விழுந்திருக்கிறது. போனை வைத்ததிலிருந்து அதே பேச்சு. "விட்டுத் தள்ளு டீச்சரம்மா. ஒரு ஸ்லைடுல இன்னா இருக்குது? புள்ள சென்னைக்கு வந்துட்டா, சனி ஞாயிறு ரயிலேறி வந்துடுவான். நாம இன்னும் எத்தினி வருஷம்?" மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள்கூடக் கேட்டுவிட்டார். அவர் ஆசைப்படுவதில் தப்பில்லை. எனக்கும் நீ வேண்டும், சாமு. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறாய் என்று உன்னைத் திட்ட வேண்டும். உனக்கு ஒரு பெண் பார்க்க வேண்டும், அவளோடு நான் சண்டை போட வேண்டும். போனில் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் அந்த வேலை வேலையில்லை, வாயில் திணிக்கிற துணி. என் வாயில் திணித்தார், இப்போது உன் வாய்க்குக் கொண்டுவருகிறார். அன்று மிரட்டலாக வந்தது இன்று தயவாக வருகிறது, வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நீ பேசப்போவதை இப்படிப் பேசு. முதலில் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடு. இரண்டு கோடுகளுக்கு நடுவே இழுபறி இருப்பது நிஜம், அவர் சொன்னதில் பாதிகூட இல்லாவிட்டாலும் இருப்பது இருக்கிறது என்று உன் அளவு சொல்கிறதல்லவா? அதை முதல் ஸ்லைடிலேயே, தெளிவாக, அவர் பெயரைச் சொல்லிச் சொல். இரக்கப்பட்டு இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அவருடைய பங்கை ஒரு துளி குறைக்காமல் கொடுத்துவிட்டால், மீதியை நீ எடுக்கும்போது அவரால் வாயே திறக்க முடியாது. கூட்டிச் சொன்னால் பொறாமைக்காரன் என்று உன்னைத் தள்ளிவிடுவார், எனக்கு அது பிடிக்காது. அவர் நன்றாகவே அடிபட வேண்டும், ஆனால் உன் அளவு எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுக்கு மட்டும். பிறகு அவர் வேண்டாம் என்ற அந்த ஒற்றைக் கோட்டின் படத்தைப் போடு. அவசரப்படாதே. முனையைத் தூக்கத் தூக்க மாற்றம் குறைவதைக் காட்டு. கிண்டல் வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம், பழைய கதை எதையும் எடுக்காதே. என் பெயர் உன் வாயில் வரக் கூடாது. படம் பேசட்டும், நீ அதற்குப் பக்கத்தில் நில்லு, போதும்.

எனக்கு அழைப்பு வரவில்லை, பழைய ஆசிரியர்களில் நான் ஒருத்தி என்பதே அவர்களுக்கு நினைவிருக்காது. நான் வருவேன். அப்பா உன் பேச்சைக் கேட்க ஏற்கெனவே சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார். நடுவில் எங்காவது உட்கார்ந்திருப்போம், இடையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். பேசி முடித்ததும் மேடையில் உனக்குப் போட்ட நாற்காலிக்குப் போகாதே. இறங்கி நேராக வந்து எங்கள் நடுவில் உட்கார். அவர் நீ போகிற வழியையே பார்ப்பார், எனக்குத் தெரியும். நரைத்த தலையில் என்னை அடையாளம் காணக் கொஞ்சம் நேரம் ஆகட்டும், பரவாயில்லை, காத்திருக்க எனக்குப் பழக்கம். அப்பா எப்போதும்போல அவரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக் கும்பிடுவார். கும்பிடட்டும். பதிலுக்குச் சிரிக்க அவர் படப்போகிற பாட்டை நான் கண்ணாரப் பார்க்க வேண்டும்.

அதன்பிறகு சென்னை வேலை உனக்குக் கிடைக்காது. அதை மறைத்து உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை. அப்பா ரொம்ப நாள் பேசாமல் இருப்பார். வெள்ளையடித்த அறையை எட்டி எட்டிப் பார்ப்பார். நான்தான் கெடுத்தேன் என்று அவரிடம் சொல்லிக்கொள்கிறேன், ஏன் கெடுத்தேன் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். விடுமுறை முடிந்து உன்னை மறுபடி விமானத்தில் ஏற்றிவிட்டு, வேலூர் வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டு வருவேன். பக்கத்து சீட்டுக்காரி என்ன ஏது என்று கேட்கிற அளவுக்கு அழுவேன். அந்த அழுகை தீர்ந்துவிடும், சாமு. ஸ்லைடை எடுத்துவிட்டு நீ வீட்டுக்கு வந்தால், சனிக்கிழமை தவறாமல் உனக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுவேன், தட்டை உன் முன்னால் வைப்பேன், உன் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

உன் அம்மா